பிரஷர் பேக்குக்குள் ஒரு டிஎன்எஸ்: ஐசியூ ரத்த மாதிரி பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரே நோயாளி, ஒரே நிமிடம், இரண்டு சர்க்கரை அளவுகள். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் 34. மணிக்கட்டில் போட்டிருந்த தமனிக் குழாயிலிருந்து எடுத்து, ரத்த வாயுக்களோடு சர்க்கரையையும் அளக்கும் ஏபிஜி மெஷினில் போட்டால் 290. மெஷின் இரண்டும் சரியாகத்தான் வேலை செய்தன. அப்படியும் அந்த 290-ஐ நம்பி ஐந்தரை மணி நேரமாக இன்சுலின் ஓடிக்கொண்டிருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் நோயாளியும் மருத்துவமனையும் புதுச்சேரி, கடலூர் பக்கத்து ஐசியூ செவிலியர்களுக்கும் தரப் பிரிவில் இருப்பவர்களுக்கும் வகுப்பெடுப்பதற்காகக் கட்டியவை. எந்த ஒரு மருத்துவமனையையும் மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் பிழை நடக்கும் விதம், கணக்கு, சட்டம், வழிகாட்டுதல் எல்லாம் உள்ளபடியே. இதே பிழை பிரிட்டனில் பலமுறை நடந்து, அங்கே 2008-இல் நோயாளிப் பாதுகாப்பு நிறுவனம் நாடு முழுக்க எச்சரிக்கை விட்டது. 2014-இல் மயக்கவியல் மருத்துவர் சங்கம் இதற்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் பக்கத்தில் இது நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். எழுதி வைக்கப்படவில்லை என்றால் நம்புவேன்.

நடந்தது

நோயாளிக்கு வயது 61. கடலூர் ஓல்டு டவுனில் மளிகைக் கடை வைத்திருப்பவர். பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. குடலில் ஓட்டை விழுந்து கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் சாயங்காலம் ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியதும் மகன் ஆம்புலன்ஸ் பிடித்தார். தமிழ்நாடு-புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி. நெரிசல் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரப் பாதை.

இரவு 10.20-க்கு ஐசியூவில் சேர்த்தார்கள். கிருமித் தொற்றால் வந்த ஷாக். மூச்சுக்குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்து, மிடாசோலமும் ஃபென்டனிலும் கொடுத்துத் தூங்க வைத்தார்கள். ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த நார்அட்ரினலின் ஓடியது. இடது மணிக்கட்டில் தமனிக் குழாய், அதாவது ஏ-லைன் போட்டார்கள். ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி காட்டுவதும், அடிக்கடி ரத்தம் எடுக்க நோயாளியைக் குத்தாமல் இருப்பதும்தான் அதன் பயன். குழாய் அடைக்காமல் இருக்க 500 மி.லி. செலைன் பையை பிரஷர் பேக் என்ற துணி உறைக்குள் வைத்து 300 மி.மீ. பாதரச அழுத்தம் வரை காற்றடித்து விட்டார்கள். மணிக்குச் சுமார் 3 மி.லி. அது சொட்டிக்கொண்டே இருக்கும். முதல் ஏபிஜியில் சர்க்கரை 168. லேபுக்குப் போன மாதிரியில் 161. இரண்டும் ஒத்துப்போயின.

அதிகாலை 3 மணிக்கு ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி தொடங்கியது. ஷாக்கில் இது வழக்கம்தான். ஆனால் இந்தக் கதைக்கு இது முக்கியம், ஏனென்றால் ஸ்டீராய்டு போட்டால் சர்க்கரை ஏறும் என்று ஐசியூவில் எல்லாருக்கும் தெரியும். காலையில் சர்க்கரை ஏறியபோது யாரும் புருவம் உயர்த்தாததற்கு அது ஒரு காரணம்.

காலை 5.40. ஏ-லைனின் பையைப் புதிதாக மாற்ற வேண்டியிருந்தது. ஐசியூ அலமாரியில் என்எஸ், அதாவது செலைன் மென்பை தீர்ந்துவிட்டது. ஸ்டோர் திறக்க 8 மணி ஆகும். இரவு டியூட்டியில் இருந்த சிஸ்டருக்கு மூன்று நோயாளிகள், அதில் இரண்டு பேர் வென்டிலேட்டரில். அட்டெண்டரைப் பக்கத்து வார்டுக்கு அனுப்பி ஒரு பை வாங்கி வரச் சொன்னார். வந்தது டிஎன்எஸ், அதாவது டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸும் சேர்ந்த செலைன். ஒரே கம்பெனி, அதே 500 மி.லி., அதே மென்பை, அதே நிற எழுத்து. பெயரில் ஓரெழுத்துதான் கூட. உறைக்குள் தள்ளி, காற்றடித்து, மாட்டியாயிற்று. உறை துணியில் தைத்தது. பின்பக்க வலை வழியாகப் பையின் முதுகு தெரியும், லேபிள் தெரியாது.

6.30-க்கு ஏபிஜி: சர்க்கரை 238. டியூட்டி டாக்டர் இன்சுலின் மணிக்கு 2 யூனிட் தொடங்கச் சொன்னார். 8.30-க்கு 271, எனவே 4 யூனிட். 9.30-க்கு 266, 6 யூனிட். 10.30-க்கு 284, 8 யூனிட். நடுவில் 7.45-க்கு ஷிஃப்ட் மாறியது. ஹேண்ட்ஓவரில் “ஏ-லைன் நல்லா ஓடுது, வேவ்ஃபார்ம் கிளியர்” என்று சொல்லிப் போனார்கள். அதில் தப்பில்லை. மானிட்டரில் ஓடும் ரத்த அழுத்த அலை, அதாவது வேவ்ஃபார்ம், கிளியராகத்தான் இருந்தது.

11.15-க்குக் காய்ச்சல் ஏறியதால் வலது கையில் புதிதாகக் குத்தி கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தார்கள். எடுத்ததுதான் எடுத்தோம் என்று பயோகெமிஸ்ட்ரிக்கும் ஒரு குழாய் அனுப்பினார்கள். 11.55-க்கு லேபிலிருந்து போன்.

“சிஸ்டர், சுகர் 31 வருது. திரும்ப ஓட்டிப் பார்த்துட்டேன், அதேதான்.”

“இருக்காதுங்க. இப்பத்தான் 284. வேற ஆளோட சாம்பிளா இருக்கப் போகுது.”

“பேர், ஐபி நம்பர் எல்லாம் சரியா இருக்கு சிஸ்டர். ஒரு தடவை சிபிஜி பாத்துடுங்களேன்.”

விரல் நுனியில் குத்திப் பார்த்தார். 34. அதே கையோடு ஏ-லைனிலிருந்தும் எடுத்து மெஷினில் போட்டார். 290. சீனியர் சிஸ்டர் இன்சுலின் பம்பை நிறுத்திவிட்டு, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. ஓட்டச் சொல்லிவிட்டு, நேராகப் போய் பிரஷர் பேக்கின் திருகைத் திறந்தார். காற்று இறங்கியதும் பை வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது. முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. முன்பக்கத்தில் டெக்ஸ்ட்ரோஸ் 5 சதவீதம், சோடியம் குளோரைடு 0.9 சதவீதம் என்று தெளிவாக அச்சடித்திருந்தது.

நோயாளி ஆறாம் நாள் வென்டிலேட்டரை விட்டு வந்தார். மகனை அடையாளம் தெரிந்தது. நடந்துதான் வீட்டுக்குப் போனார். ஆனால் கடையில் பாக்கி யாருக்கு எவ்வளவு என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இப்போது நோட்டைப் பார்த்தும் கூட்டல் வருவதில்லை. சர்க்கரை எவ்வளவு நேரம் அடிமட்டத்தில் இருந்தது என்று எந்தப் பதிவிலிருந்தும் கண்டுபிடிக்க முடியாது. பதிவில் இருப்பதெல்லாம் 238, 271, 266, 284.

இரண்டு சொட்டுக்கும் குறைவு

வகுப்பில் இந்த இடத்தில் வழக்கமாக வரும் கேள்வி: “ஏ-லைன்ல எடுக்கும்போது முதல் 2 மி.லி.யை எடுத்துத் தள்ளிட்டுத்தானே சாம்பிள் எடுக்குறோம். அப்புறம் எப்படி?” கேட்க வேண்டிய கேள்விதான். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 100 மி.லி.க்கு 5 கிராம். ரத்தச் சர்க்கரையை நாம் எழுதும் அளவில் அது 5000 மி.கி. நோயாளியின் உண்மையான சர்க்கரை 60 என்று வைத்துக்கொள்வோம். மாதிரியில் 4 சதவீதம் மட்டும் பையின் திரவம் கலந்தால், 60-இல் 96 சதவீதம் 57.6, 5000-இல் 4 சதவீதம் 200. மெஷின் 258 என்று காட்டும். 2 மி.லி. ஊசியில் 4 சதவீதம் என்பது 0.08 மி.லி. சாதாரண டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மி.லி. அப்படியானால் இரண்டு சொட்டுக்கும் குறைவு. குழாயில் மாதிரி எடுக்கும் இடத்தில் உள்ள மூன்று வழி அடைப்பானின் மூலையில் அவ்வளவு ஒட்டிக்கொண்டிருந்தாலே போதும்.

குழாயின் உள்ளளவைப் போல மூன்று மடங்கு எடுத்துத் தள்ள வேண்டும் என்பது பொதுவான விதி. செலைன் ஓடும் குழாய்க்கு அது போதும். குளுக்கோஸ் ஓடும் குழாயில் ஐந்து மடங்கு தள்ளினாலும் ஏமாற்றும் அளவுக்குக் கலப்பு மிஞ்சலாம் என்பது சோதனைகளில் தெரியவந்தது. அதனால்தான் 2014 வழிகாட்டுதல் அதிகமாகத் தள்ளுங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், தமனிக் குழாயில் செலைன் தவிர வேறெதையும் மாட்டாதீர்கள் என்றது. கையின் பழக்கத்தால் இந்தப் பிழையைக் கடக்க முடியாது. பை சரியாக இருந்தாக வேண்டும். தவிர, இன்னும் இன்னும் தள்ளு என்று சொல்வதும் சும்மா இல்லை. ஐசியூவில் பரிசோதனைக்கென்றே ஒருவர் நாளுக்கு 40 மி.லி. வரை ரத்தம் இழப்பது சகஜம். சோகையோடு இருப்பவரிடமிருந்து மேலும் உறிஞ்சித் தொட்டியில் கொட்டுவதைச் செவிலியர்கள் தயங்கிச் செய்வதில் நியாயம் உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பையின் குளுக்கோஸ் உடம்புக்குள் போய் நிஜமாகவே சர்க்கரை ஏறியிருக்குமோ? மணிக்கு 3 மி.லி.யில் குளுக்கோஸ் 0.15 கிராம். ஒரு சிட்டிகை சீனி. அதனால் ஒன்றும் ஆகாது. ஏறியது மாதிரியின் சர்க்கரை. இன்சுலினால் இறங்கியது மனிதனின் சர்க்கரை.

எண் சொல்லிக்கொண்டுதான் இருந்தது

காலை முழுக்க எடுத்த ஏபிஜி சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயம் கண்ணில் படுகிறது.

ஒன்று, இன்சுலின் நாலு மடங்கு ஏறியும் சர்க்கரை அசையவில்லை. எண்ணில் பெரும்பங்கு பையிலிருந்து வருவதால் நோயாளியின் பங்கு இறங்கினாலும் மொத்தம் பெரிதாக இறங்காது. கொஞ்சம் ஏறுவதும் இறங்குவதும் அந்தந்த நேரத்தில் எடுத்தவர் எவ்வளவு தள்ளினார் என்பதைப் பொறுத்தது. “ஸ்டீராய்டு, செப்சிஸ், இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்” என்று காரணம் சொல்ல ஆள் இருந்ததால் அசையாத எண்ணை யாரும் சந்தேகிக்கவில்லை. குடல் வேலை செய்யாததால் அவருக்கு உணவு நிறுத்தியிருந்தார்கள், ஓடிய திரவம் ரிங்கர் லாக்டேட். எங்கிருந்து 284 வரும் என்று ஒருவர் கேட்டிருக்கலாம்.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதே சீட்டுகளில் பொட்டாசியம் 4.2, 3.6, 3.2 என்று இறங்குகிறது. இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். பொட்டாசியம் இறங்குகிறது என்றால் இன்சுலின் வேலை செய்கிறது. அப்படியானால் சர்க்கரை ஏன் இறங்கவில்லை? ஒரே தாளில், நாலு வரி தள்ளி, ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு எண். 9.30-க்குப் பொட்டாசியம் குறைவு என்று பார்த்து அதற்கு ஒரு ஊசி எழுதியிருக்கிறார்கள். தாளைப் பார்க்காமல் இல்லை, நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாகச் சரிசெய்திருக்கிறார்கள்.

பை வெறும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸாக இருந்திருந்தால் சோடியமும் காட்டிக்கொடுத்திருக்கும். 5 சதவீதம் கலந்தால் 138 என்பது 131-க்கு வந்துவிடும். டிஎன்எஸ்ஸில் செலைன் அளவு சோடியம் இருப்பதால் அது 138-க்குப் பக்கத்திலேயே நின்றது. பிரிட்டன் கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் வெறும் குளுக்கோஸ் பை. நம் அலமாரிகளில் என்எஸ்ஸுக்குப் பக்கத்தில் அடுக்கியிருப்பது டிஎன்எஸ். நம்முடைய பிழை அவர்களுடையதைவிட நன்றாக ஒளிந்துகொள்ளும்.

நோயாளியின் உடம்பு சொன்னதும் காதில் விழவில்லை. தூக்க மருந்தில் இருப்பவர் குழறவோ பதறவோ முடியாது. வியர்வையும் படபடப்பும் நார்அட்ரினலின் கணக்கில் போயின. இப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை அளவைத் தவிர வேறு வாய் கிடையாது.

இத்தனைக்கும் ஐசியூவில் 140 முதல் 180 வரை இலக்கு என்று எல்லாரும் படித்தவர்கள். 2009-இல் வெளிவந்த நைஸ்-சுகர் ஆய்வு, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளில், சர்க்கரையை 81-க்கும் 108-க்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தவர்களில் இறப்பு கூடியதைக் காட்டிய பிறகு வந்த இலக்கு அது. தாழ்சர்க்கரையின் பயம் எல்லாருக்கும் உண்டு. அளக்கும் மாதிரியே பொய் சொல்லும் என்ற பயம்தான் பாடத்தில் இல்லை.

யார் பார்த்திருக்க வேண்டும்

இப்போது மேற்பார்வைக்கு வருவோம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் 25 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் ஆம்புலன்ஸ் முள்ளோடையைத் தாண்டியதும் சட்டம் மாறிவிடுகிறது. கடலூர் மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் 2018 விதிகளும். புதுச்சேரியில், டெல்லி நீங்கலான மற்ற யூனியன் பிரதேசங்களைப் போலவே, மத்திய அரசின் 2010 மருத்துவ நிறுவனங்கள் சட்டம். பதிவுக்கு என்ன வேண்டும் என்று மத்தியச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது: குறைந்தபட்ச வசதித் தரம், குறைந்தபட்சப் பணியாளர், பதிவேடும் அறிக்கையும். பதிவு அதிகாரி வந்தால் எத்தனை கட்டில், எத்தனை செவிலியர், டாக்டர் பதிவு எண், தீயணைப்புச் சான்று என்று பார்ப்பார். பார்க்க வேண்டியதுதான். மூன்று நோயாளிக்கு ஒரு சிஸ்டர் என்ற கணக்கு அவர் கண்ணில் பட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கக்கூடும். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஏ-லைன் உறைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் படிவத்தை நான் பார்த்ததில்லை.

தனியார் மருத்துவமனைகளில் நிஜமாகவே பயப்படும் ஆய்வு எது என்று வார்டில் கேட்டால் உயிரிக் கழிவு ஆய்வு என்பார்கள். 2016 விதிகள் வந்த பிறகு சிவப்பு, மஞ்சள், வெள்ளை, நீலம் எல்லாம் செவிலியர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஏ-லைனில் தள்ளிய 2 மி.லி. ரத்தம் இருக்கும் ஊசியை எந்தப் பையில் போட வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டுக் குழு கேட்டால் டக்கென்று பதில் வரும். 2 மி.லி. போதுமா என்று கேட்க ஒருவரும் வருவதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை வைத்துக் கேட்டதால் அந்த விதி வேரூன்றியது. இந்த உத்தியை ஏ-லைனுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

லேபின் பக்கம் இன்னும் வேடிக்கை. மருத்துவ ஆய்வகத் தரமான ஐஎஸ்ஓ 15189-இன் 2022 பதிப்பு, கட்டிலருகே செய்யும் பரிசோதனைகளுக்கான பழைய தனித் தரத்தையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஆகவே ஐசியூ மூலையில் இருக்கும் ஏபிஜி மெஷினையும் லேப் தன் பொறுப்பில் கொண்டுவரலாம். கொண்டுவந்த இடங்களில் தினசரிக் கட்டுப்பாட்டுச் சோதனை ஓடுகிறது, வரைபடம் ஒட்டியிருக்கிறது. அன்று காலையும் ஓடியது, பாஸ். மெஷினுக்குக் கொடுத்த திரவத்தில் சர்க்கரை நிஜமாகவே 284 இருந்தது. அதை மெஷின் சரியாகச் சொன்னது. மாதிரி எடுக்கும் கை லேபுக்கும் சொந்தமில்லை, மருந்துப் பட்டியலுக்கும் சொந்தமில்லை.

மருந்துப் பட்டியல் என்றதும் என்ஏபிஹெச் ஞாபகம் வரும். 2005-இல் தொடங்கிய இந்த அங்கீகார அமைப்பில் சேருவது மருத்துவமனையின் விருப்பம். சேர்ந்தவர்கள் பார்வைக்கும் ஒலிக்கும் ஒத்த மருந்துகளின் பட்டியல் வைத்துத் தனித்தனியே அடுக்க வேண்டும், தவறு நடந்தால் பதிந்து மூலகாரணம் ஆராய வேண்டும். நல்ல ஏற்பாடு. நம் மருத்துவமனையிலும் அந்தப் பட்டியல் சுவரில் இருந்தது, எல்லாம் ஆம்ப்யூல்கள். என்எஸ்ஸும் டிஎன்எஸ்ஸும் அதில் இல்லை, ஏனென்றால் செலைனை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. இன்சுலினுக்கு இருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்; தொடங்கியதற்கும் மூன்று முறை டோஸ் மாற்றியதற்கும் சேர்த்து நாலு ஜோடிக் கையெழுத்து இருக்கிறது. அந்த டோஸைத் தீர்மானித்த பைக்கு ஒரு கையெழுத்துகூட இல்லை. 2008 பிரிட்டன் எச்சரிக்கையின் சாரமே இதுதான்: தமனிக் குழாயில் மாட்டும் எதையும் டாக்டர் எழுத வேண்டும், மாட்டும் முன் சரிபார்க்க வேண்டும், ஒவ்வொரு ஷிஃப்ட் மாற்றத்திலும் திரும்பப் பார்க்க வேண்டும், உறை போட்ட பிறகும் பையில் இருப்பது என்ன என்று வெளியே தெரிய வேண்டும்.

எந்த வாசலில் சொல்வது

மறுநாள் தரப் பிரிவு ஒருங்கிணைப்பாளர் இதை வெளியே யாருக்கு அறிவிப்பது என்று உட்கார்ந்தார்.

மருந்தின் பக்கவிளைவு என்றால் 2010-இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மரிலேயே அதன் கண்காணிப்பு மையம் உண்டு. ஆனால் இன்சுலின் செய்ய வேண்டியதைத்தான் செய்தது. கருவியின் கோளாறு என்றால் 2015 ஜூலையில் தொடங்கிய மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டம். இரண்டையும் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம்தான் நடத்துகிறது. 1800-180-3024 என்ற இலவச எண்ணும் உண்டு. படிவத்தில் கருவியின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண் கேட்கிறார்கள். எந்தக் கருவியின் பெயரை எழுதுவது? பிரஷர் பேக்கா, ஏபிஜி மெஷினா? இரண்டும் கெடவில்லை. டிஎன்எஸ் பையிலும் குறையில்லை, லேபிளில் இருந்ததுதான் உள்ளே இருந்தது. எந்தப் பொருளும் கெடாமல் ஒரு மனிதர் கெட்டுப்போனால் அதை எழுதும் கட்டம் கைக்கு எட்டுவதில்லை. கடைசியில் பிரஷர் பேக்கின் பெயரில் கருவிப் படிவத்தை நிரப்பி, லேபிளை மறைக்கிறது என்று குறிப்பெழுதி அனுப்பினார்கள். என் பார்வையில் அது சரியான முடிவு. உறை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் இருந்திருந்தால் 7.45 ஹேண்ட்ஓவரிலேயே கதை முடிந்திருக்கும். கருவியின் வடிவம் பிழைக்கு வழி விடுவதும் கருவிக் கோளாறுதான்.

நோயாளி இறந்திருந்தால்? பிரிட்டனில் இயல்பற்ற சாவுகளை விசாரிக்கும் அதிகாரியான கரோனரின் விசாரணை நடக்கும். இன்னொரு சாவைத் தடுக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் மருத்துவமனைக்கோ ஒழுங்குமுறை அமைப்புக்கோ அறிக்கை அனுப்ப வேண்டும். அவர்கள் 56 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அறிக்கையைப் பொதுவில் வெளியிடுகிறார்கள். ஒரு ஊரில் நடந்தது அடுத்த ஊர் ஐசியூவுக்குத் தெரிய அது ஒரு வழி. நம்மிடம் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவில் போலீஸ் விசாரணை. எப்படி இறந்தார், யார் மேல் சந்தேகம் என்பதோடு அது நிற்கும். அடுத்த மருத்துவமனைக்குக் கடிதம் எழுதுவது எஸ்.ஐ.யின் வேலை இல்லை.

அதற்கு அப்புறம் வழக்கு. இங்கே ஒரு விஷயத்தை வகுப்பில் சொன்னால் அறையே கொஞ்ச நேரம் பேசாது. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்தால் இரண்டு ஆண்டு வரை. பதிவு பெற்ற மருத்துவர் யார் என்று விளக்கமும் இருக்கிறது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதி பெற்றுப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். செவிலியர் அதில் வரமாட்டார். ஆக, 238-ஐப் பார்த்து இன்சுலின் எழுதிய டாக்டருக்கு அதிகபட்சம் இரண்டு, பையை மாட்டிய சிஸ்டருக்கு அதிகபட்சம் ஐந்து. நீதிமன்றத்தில் என்ன ஆகும் என்பது வேறு விஷயம். ஆனால் அதிகாலை 5.40-க்கு மூன்று நோயாளிகளைத் தனியாகப் பார்த்த ஒருவர், “நான்தான் மாட்டினேன், டிஎன்எஸ் என்று கவனிக்கவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். எழுதினார். அதனால்தான் இந்த ஆய்வில் 5.40 என்ற நேரமாவது இருக்கிறது. அவர்மேல் நடவடிக்கை வேண்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. இன்னொரு முறை யாரும் எதையும் எழுதக்கூடாது என்று நினைத்தால் எடுங்கள் என்று நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மேடம் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது.

மாற்றியவை

மாற்றங்களில் சில உடனே ஒட்டிக்கொண்டன. ஐசியூ அலமாரியில் என்எஸ் மென்பை மட்டும். டிஎன்எஸ்ஸும் டெக்ஸ்ட்ரோஸும் மருந்து அறையில் பூட்டோடு. ஏ-லைன் பை மருந்துச் சீட்டில் ஒரு வரியாக ஏறியது, இருவர் கையெழுத்தோடு. உறையின் வெளியே சிவப்பு ஸ்டிக்கர்: “தமனிக் குழாய். செலைன் மட்டும்.” ஸ்டிக்கர் மட்டும் போதாது என்பது என் எண்ணம். உள்ளே எது இருந்தாலும் ஸ்டிக்கர் அதையேதான் சொல்லும். அதனால் ஹேண்ட்ஓவரில் இரண்டு ஷிஃப்ட் சிஸ்டர்களும் சேர்ந்து பையைத் திருப்பி லேபிளை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று வைத்தார்கள். முதல் வாரம் சிரித்தார்கள், இப்போது படிக்கிறார்கள்.

இன்சுலின் சீட்டில் இரண்டு வரி சேர்ந்தது. ஏ-லைன் எண்ணை வைத்து இன்சுலினைத் தொடங்கும்போதோ, டோஸை இரட்டிப்பாக்கும்போதோ, வேறொரு இடத்தில் குத்தி எடுத்த மாதிரியில் ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். இன்சுலின் ஏறியும் சர்க்கரை இறங்காமல் பொட்டாசியம் மட்டும் இறங்கினால், அடுத்த டோஸுக்கு முன் பையைப் பார்க்க வேண்டும். ஷாக்கில் இருப்பவருக்கு விரல் நுனி அளவு நம்பத்தக்கதா என்று ஒரு டாக்டர் கேட்டார். சரியான ஆட்சேபம், ரத்த ஓட்டம் குறைந்த விரலில் சிபிஜி தவறலாம். அதனால் உறுதிசெய்யும் மாதிரி சிரையில் குத்தி எடுத்து லேபுக்குப் போக வேண்டும் என்று திருத்தினார்கள். அது வரும்வரை டோஸை ஏற்றக் கூடாது.

ஏ-லைன் இல்லாத சிறு மருத்துவமனைகளுக்கு இதில் என்ன என்று கடலூர் பக்கத்துச் செவிலியர்கள் கேட்பதுண்டு. டிரிப் ஓடும் கையிலேயே, ஊசிக்கு மேலே குத்தி ரத்தம் எடுத்தால் இதே கணக்குதான். அங்கே டிஎன்எஸ் மணிக்கு 100 மி.லி. ஓடுகிறது. மறு கையில் எடுங்கள். முடியாவிட்டால் டிரிப்பை நிறுத்திக் காத்திருந்து, ஊசிக்குக் கீழே எடுத்து, எங்கிருந்து எடுத்தோம் என்று சீட்டில் எழுதுங்கள்.

ஒளி ஊடுருவும் பிரஷர் பேக் கேட்டு அனுப்பிய இன்டென்ட் கொள்முதல் குழுவில் இருக்கிறது. ஐசியூ கேட்ட மற்றொன்று நடந்தது: என்எஸ் ஒரு கம்பெனியிலும் டிஎன்எஸ் வேறொரு கம்பெனியிலும் வாங்க ஸ்டோர் ஒப்புக்கொண்டது, இரண்டு பைகளும் இப்போது பார்த்தவுடனே வேறு வேறு. விலை ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. ஒரே கம்பெனியில் மொத்தமாக எடுத்தால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பிரிவு ஏற்கெனவே குறிப்பு அனுப்பிவிட்டது.